பாதருக்குச் சொன்ன மாதிரி

விமானப்படைக் குடியிருப்பு
12 நவம்பர் 2024

அன்புள்ள பெர்னதெத் அக்காவுக்கு,

தம்பி லூர்துபிரகாஷ் எழுதுகிறேன். நான், ஜாஸ்லின், அபி மூவரும் சுகம். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. ஸ்வெட்டர் போடமாட்டேன் என்று அபி தினமும் காலையில் ஒரு யுத்தம் நடத்துகிறாள். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மண்டியிட்டு மண்டியிட்டே அதைத் தீர்த்துக்கட்டிவிடாதே.

ஆளுக்கு இரண்டு போன் வைத்திருக்கும் காலத்தில் பேனா தேடிக் கடிதம் எழுதும் விங் கமாண்டர் இந்தப் படையில் நான் ஒருவன்தான். என்ன செய்வது, அடைப்பு மடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாய். உங்கள் வாசலில் போனும் நுழையாது, வம்பும் நுழையாது.

டிசம்பரோடு என் பதினான்கு வருடச் சேவை முடிகிறது. ஏர்லைன் நேர்முகத்தில் தேறிவிட்டேன்! நாலாயிரத்து முந்நூறு மணி நேரம் பறந்திருக்கிறேன் என்றதும் எதிரில் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். போர் விமானம் ஓட்டுகிறவர்கள் எங்களை லாரி டிரைவர் என்பார்கள். ஆனால் ஏர்லைன் வாசலில் லாரி டிரைவருக்குத்தான் மரியாதை. மணிக்கணக்கில் சரக்கு ஏற்றிப் பறந்தவன் கையில்தான் மணி நேரம் சேர்ந்திருக்கிறது.

இந்த வழியைக் காட்டியது நீ. பைலட் பள்ளியில் கட்டணம் கேட்டுவிட்டு அப்பா தட்டாஞ்சாவடிப் பட்டறைக்கே திரும்பிப் போய் லேத்தில் நின்றுகொண்டாரே, அன்று நீ சொன்னாய்: "படையில சேந்துடுடா. சம்பளமும் குடுத்துப் பறக்கவும் கத்துக்குடுப்பாங்க. பொறவு ஏர்லைனுக்குப் போ." அப்படியே ஆயிற்று.

அடுத்த மாதம் மெடிக்கல் இருக்கிறது. அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகச் செபித்துக்கொள். ஜாஸ்லின் உன்னை விசாரித்தாள். அபியின் முத்தங்கள்.

உன் தம்பி,
பிரகாஷ்

பி.கு.: மெடிக்கலை மறந்துவிடாதே.


சேசு மரி சூசை துணை

மடம், புதுச்சேரி
25 நவம்பர் 2024

அன்புத் தம்பி பிரகாஷுக்கு,

அக்கா ஆசீர் சொல்லி எழுதுவது. நாங்கள் பதினொரு பேரும் நலம். முட்டிவலியும் நலம், என்னை விட்டுப் போவதாக இல்லை. மழையில் தோட்டத்துச் சுவர் ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்த அரை நாளில் கொத்தனார் வந்துவிட்டார், நாங்கள் எட்டிப் பார்த்துவிடுவோமோ என்ற பயத்தில்.

உன் செய்தியை மதரிடம் சொன்னேன். இரவுச் சாப்பாட்டில் எல்லோருக்கும் ஒரு துண்டு கேக் கொடுத்தார். வாரம் முழுவதும் மடத்தில் உன் பெயர்தான். விங் கமாண்டர் மறுபடி போய் ஜூனியராக உட்காரப் போகிறாராமே என்று சிரித்தோம்.

மெடிக்கலுக்கு உனக்கென்னடா பயம்? கல்யாணப் பந்தியில் பதினான்கு இட்லி தின்றவன் நீ. கடிதத்தில் ஒருமுறை, பின்குறிப்பில் ஒருமுறை என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறாய். கேட்டபடி செபிக்கிறேன்.

வரும் ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்மஸ் வரை எங்களுக்குக் கடிதப் போக்குவரத்து கிடையாது. தவக்காலத்தைப் போலத்தான். பதில் இல்லையே என்று வருந்தாதே.

செபத்தில் உன்னோடு,
அக்கா


சேசு மரி சூசை துணை

மடம், புதுச்சேரி
9 ஜனவரி 2025

அன்புத் தம்பிக்கு,

புத்தாண்டு ஆசீர். ரெட்டியார்பாளையம் வீட்டில் குடியேறியாகிவிட்டதா? தண்ணீர் நன்றாக வருகிறதா? மெடிக்கலில் தேறியதற்கு ஆண்டவருக்கு நன்றி சொன்னோம்.

போன வாரம் நீங்கள் மூவரும் பார்லுவாரில், கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம், வந்து உட்கார்ந்ததில் இருந்து எனக்கு மனது சரியில்லை. அபி கம்பிக்குள் விரலை விட்டு என் ஜெபமாலையைப் பிடித்து இழுத்தாள். ஜாஸ்லின் சிரித்தாள். நீ மட்டும் என்னைப் பார்க்கவே இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாய், பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்தாய். எழுந்து போகும்போது அவர்களை முன்னால் அனுப்பிவிட்டுக் கம்பிக்குக் கிட்டே வந்து கேட்டாய்: "அக்கா, ஒங்கிட்ட சொன்னா பாதருக்குச் சொன்ன மாதிரிதானே?"

நான் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டேன். சின்ன வயதில் பென்சில் திருடிவிட்டு வந்து இப்படித்தான் கேட்பாய். மணி அடித்துவிட்டது, நானும் உள்ளே வந்துவிட்டேன்.

என்னடா விஷயம்? ஜாஸ்லினோடு ஏதாவது சண்டையா? எழுது.

அக்கா


ஐதராபாத்
26 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? நான் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும் என்பதால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. இங்கே சிமுலேட்டர் பயிற்சி முடியப் போகிறது. ஏப்ரல் கடைசியில் பயணிகளோடு முதல் விமானம்.

நீ தலையாட்டிய தைரியத்தில் எழுதுகிறேன். இதைப் பாவசங்கீர்த்தனமாக எடுத்துக்கொள்.

அக்டோபர் பதினேழாம் தேதி, மலைத்தளம் ஒன்றில் இருந்து முப்பத்தெட்டு ஜவான்களை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். தரையிறங்க உயரம் குறைத்துக்கொண்டிருந்தேன். கையில் விமானம் இருந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது, பக்கத்தில் கோ-பைலட் ராஜ்கமல் என் தோளை உலுக்குகிறான், அவன் கையில் விமானம் இருக்கிறது. நடுவில் பத்து வினாடி. அந்தப் பத்து வினாடி எனக்கு இல்லவே இல்லை. கண் திறந்தே இருந்ததாம். "சார், சார்னு கூப்பிட்டேன், நீங்க நேரா பாத்துட்டே இருந்தீங்க" என்றான்.

இறங்கியதும், "உங்களுக்குத் தூக்கம் பத்தல சார்" என்றான். இரண்டு பேரும் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். யாருக்கும் சொல்லவில்லை. ஜனவரியில் ஒரு காலை, ஷேவ் செய்யும்போது மறுபடி. ரேசர் தரையில் கிடந்தது. ஜாஸ்லினுக்குத் தெரியாது.

மெடிக்கல் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. எப்போதாவது நினைவு தப்பியதுண்டா? 'இல்லை' என்று எழுதினேன்.

பாதரிடம் போகவில்லை. போனால், முதலில் அவர்களிடம் போய் உண்மையைச் சொல், பிறகு வா என்பார். பதினான்கு வருடம், அக்கா. ஒரு வார்த்தையில் எல்லாம் போய்விடும். நீ பதில் எழுத வேண்டாம். செபித்தால் போதும்.

பிரகாஷ்


சேசு மரி சூசை துணை

மடம், புதுச்சேரி
5 மார்ச் 2025, சாம்பல் புதன்

பிரகாஷ்,

நலம் விசாரிக்க எனக்குக் கை வரவில்லை.

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. இன்று தொடங்கி நாற்பது நாள் எழுதக்கூடாது. அனுமதி கேட்கவேண்டி உன் கடிதத்தை மதரிடமே கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "மோன் தியே", என் கடவுளே, என்று பிரெஞ்சில் சொன்னார். அதை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "ஓய்வுநாள்ல ஆடு குழியில விழுந்தா தூக்காம இருப்போமா? போய் எழுது" என்றார்.

முதலில் என் குற்றம். நான் தலையை ஆட்டியிருக்கக்கூடாது. நான் குரு அல்ல. கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்ற சங்கீர்த்தன முத்திரை எனக்குக் கிடையாது. நீ எழுதியது ஒரு தம்பி அக்காவுக்கு எழுதிய கடிதம், அவ்வளவுதான். பாதரிடம் போனால் என்ன சொல்வார் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் என்ன செய்யவேண்டும் என்று உனக்கே தெரியும்.

உன் விமானத்தில் எத்தனை பேர் உட்காருவார்கள்? நூற்றெண்பதா? அவர்களில் ஒருவர்கூட உன் பத்து வினாடிக்குச் சம்மதிக்கவில்லை.

ஏப்ரல் பதின்மூன்று, குருத்து ஞாயிறுக்குள் நீயே போய்ச் சொல்லிவிடு. இல்லாவிட்டால் நான் எழுதுவேன். நீ என் தம்பிதான். ஆனாலும் எழுதுவேன்.

பெர்னதெத்


ஐதராபாத்
20 மார்ச் 2025

அக்காவுக்கு,

நல்ல குண்டாகத் தூக்கிப் போட்டாய். மதரும் படித்தாயிற்றா? அடுத்து யார், மணியடிக்கிற கோயில்பிள்ளையா?

ஒன்று கேட்கிறேன். அம்மா செத்தபோது ஆம்புலன்ஸை உங்கள் மடத்து வாசலில் கால் மணி நேரம் நிறுத்தினேன். நீ வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தாயாம், மடத்து விதியாம். பெற்றவளுக்காகத் தாண்டாத சுவரைத் தம்பி வயிற்றில் அடிக்க மட்டும் உன் கடிதம் தாண்டுமா? விதி உனக்கும் வளையும் போலிருக்கிறதே!

ராஜ்கமலுக்கு முப்பது வயது. அவனும் இதே வழியில் வரக் காத்திருக்கிறான். மறைத்தது வெளியே வந்தால் அவன் கதையும் முடிந்தது. அவன் மனைவி நிறைமாதம்.

இரண்டே தடவை. அதன்பிறகு ஒன்றுமில்லை. நன்றாகத் தூங்குகிறேன். முடிந்தால் எழுது, பார்க்கலாம்.

லூர்துபிரகாஷ்


ரெட்டியார்பாளையம்
3 ஏப்ரல் 2025

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

ஜாஸ்லின் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அபியும் நலம். தாங்கள் நலமா? நான் தங்களுக்குத் தனியாக எழுதுவது இதுதான் முதல் தடவை, தப்பிருந்தால் மன்னிக்கவும்.

அவர் விடுமுறையில் வந்தபோது பெட்டியில் தங்கள் கடிதத்தைப் பார்த்தேன். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. காலில் விழுந்து கேட்கிறேன், எழுதிவிடாதீர்கள் அண்ணி.

எனக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். ரேசர் விழுந்த சத்தம் கேட்டு நான்தான் கதவிடுக்கில் பார்த்தேன். பொங்கல் அன்று காபி டம்ளரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன். போன மாதம் பிள்ளைச்சாவடியில் மீன் வாங்கப் போனபோதும் அப்படித்தான், மீன்காரம்மா விலை சொல்லிக்கொண்டே இருந்தார்கள், இவர் நின்றுகொண்டே இருந்தார். நான் கையைக் கிள்ளினேன், சரியாகிவிட்டது. தாங்கள் எழுதிய அந்தப் பத்து வினாடியோடு சேர்த்து நாலு தடவையிலும் கால் நிமிஷத்துக்கு மேல் போனதில்லை அண்ணி. பக்கத்தில் இன்னொரு பைலட் இருப்பாராமே, அவர் பார்த்துக்கொள்ளமாட்டாரா?

பதினான்கு வருடம் பனியிலும் வெயிலிலும் கிடந்து இதற்காகத்தான் காத்திருந்தார். யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்தாகிவிட்டது. தாங்கள் உள்ளே இருக்கிறீர்கள். வெளியில் ஒரு மனிதர் உடைந்துபோனால் எப்படி இருக்கும் என்று தங்களுக்குத் தெரியாது.

தங்கள் ஆசீரை வேண்டும்,
ஜாஸ்லின்


மடம், புதுச்சேரி
14 ஏப்ரல் 2025

விமான நிறுவனத்தின் மருத்துவப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம். தங்கள் நிறுவனத்தில் விமானியாகச் சேர்ந்திருக்கும் விங் கமாண்டர் லூர்துபிரகாஷ் (ஓய்வு) என் உடன்பிறந்த தம்பி. சென்ற அக்டோபர் 17 முதல் அவருக்கு நான்கு முறை சில வினாடிகள் நினைவு தப்பியிருக்கிறது. முதல் முறை, அவர் விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தபோது. இதை அவரே எழுதியும், குடும்பத்தார் எழுதியும் அறிந்தேன். பயணிகளோடு பறக்கும் முன் அவரை முழுமையாகப் பரிசோதிக்க வேண்டுகிறேன்.

அவர் நல்லவர். பயத்தில் மறைத்துவிட்டார். அவரை வழிகாட்டி அனுப்பியவள் நான் என்பதால் எழுதவேண்டியதும் நானாக ஆயிற்று. என்னை விசாரிக்க விரும்பினால் மடத்துக்கு நேரில் வரவேண்டும், எங்களிடம் தொலைபேசி இல்லை.

இப்படிக்கு,
அருட்சகோதரி பெர்னதெத்


ரெட்டியார்பாளையம்
19 மே 2025

அக்காவுக்கு,

நலம். அதைத்தான் ஒரு மாதமாக நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதம் அவர்களுக்குக் கிடைத்த அன்றே என்னைப் பறக்கவேண்டாம் என்றார்கள். சென்னையில் மூளை ஸ்கேன், தலை முழுக்க ஒயர், இரண்டு நாள் இதயப் பதிவு. எதிலும் ஒன்றும் இல்லை. அக்டோபரில் என் பக்கத்தில் யார் என்று பதிவேட்டில் பார்த்து ராஜ்கமலைக் கேட்டிருக்கிறார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டான். ஜாஸ்லினைக் கேட்டார்கள். அவளும் இல்லை என்றாள். அவள் உனக்கு எழுதியது எனக்கு இப்போதுதான் தெரியும்.

கடைசியில் பெரிய டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்தார். "உங்க அக்கா எத்தன வருஷமா உள்ள இருக்காங்க?"

"பதினாறு வருஷம், சார்."

"வெளிய வர்றதே இல்லையா?"

"இல்ல சார்."

"மனசு சரியாத்தான இருக்காங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவராகவே ஏதோ எழுதிக்கொண்டார்.

எனக்கு அனுமதி வந்துவிட்டது. ஜூன் எட்டு, ஞாயிறு, முதல் விமானம். நீ கேட்பாய் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன்.

பிரகாஷ்


சேசு மரி சூசை துணை

மடம், புதுச்சேரி
27 மே 2025

பிரகாஷ்,

உன் கடிதம் வருவதற்கு முன்பே உன் டாக்டர் என் மனநிலையை விசாரித்து மதருக்கு எழுதிவிட்டார். மதர் கோபத்தில் ஒரு மனநல மருத்துவரை வரவழைத்தார். நிர்மலாதேவி என்று ஒரு அம்மாள். பார்லுவாரில் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "இன்னிக்கு என்ன கெழம சிஸ்டர்?" என்று கேட்டார். சொன்னேன். நூறில் இருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். இரண்டு வரை வந்துவிட்டேன். "ரொம்பத் தெளிவா இருக்கீங்க, உங்களுக்கு எதுக்கு நான்?" என்றார். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது. அடுத்த நாள் உன் கடிதம் வந்தது.

நீ தலையைக் குனிந்ததை மன்னித்தேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. பதினாறு வருடம் சுவருக்குள் இருந்தும் மன்னிக்கத் தெரியவில்லை பார். அம்மாவின் வண்டி நின்ற அந்தக் கால் மணி நேரமும் நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். சுவரைத் தாண்டாத பாவத்தை அன்றே சேர்த்தாயிற்று. இன்னொரு முறை வேண்டாம் என்றுதான் எழுதினேன்.

நான் தட்டவேண்டிய கதவு வேறு இல்லை. நான் சொன்னால் இனி யாரும் நம்பமாட்டார்கள், அதையும் நீயே பார்த்துக்கொண்டாய். எட்டாம் தேதி காலை முழுவதும் கோயிலில் இருப்பேன். எனக்குப் பயமாக இருக்கிறதுடா.

அக்கா


ரெட்டியார்பாளையம்
11 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? நீ எட்டாம் தேதி எத்தனை மணி நேரம் மண்டியிட்டாயோ தெரியாது. முட்டிக்குத் தைலம் போட்டுக்கொள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதல் விமானத்தில் வீட்டாரை ஏற்றிக்கொள்வது. சனிக்கிழமை மத்தியானம் இரண்டு டிக்கெட்டைக் கொண்டுவந்து ஜாஸ்லின் கையில் கொடுத்தேன். அவள் என் புதுச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். டிக்கெட்டைப் பார்த்தாள். பெயரைப் படித்தாள்.

"நான் வரேங்க. அபி வேணாம்" என்றாள்.

"ஏன்?"

"ஸ்கூல் தொறக்கப் போறாங்க."

"நாளைக்கு ஞாயித்துக்கெழம ஜாஸ்லின்."

அவள் இஸ்திரி போட்ட சட்டைக் கையையே மறுபடி இஸ்திரி போட்டாள். நான் மறுபடி கேட்டேன். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க எங்க போனாலும் நான் வருவேன். என் புள்ளைய ஏத்தமாட்டேன்."

உன் காலில் விழுந்து எழுதாதே என்று கேட்டவள், அக்கா. டாக்டர் முன்னால் எனக்காகப் பொய் சொன்னவள். அவளே தன் பிள்ளையை நான் ஓட்டும் விமானத்தில் ஏற்றமாட்டாள். மற்ற நூற்றெழுபத்தெட்டுப் பேருக்கு இப்படிச் சொல்ல ஒரு ஆள் இல்லை.

அப்போதே போனை எடுத்து அந்த டாக்டரைக் கூப்பிட்டேன். நாலு தடவை இல்லை சார், ஐந்து தடவை என்றேன். ஐந்தாவது, அனுமதி வந்த மறுநாள். வீட்டு மாடிப்படியில். ஜாஸ்லினுக்குக்கூடத் தெரியாது. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

ஞாயிறு காலை விமானம் போய்ச் சேர்ந்தது. வேறொருவர் ஓட்டினார். இனி நான் ஓட்டப்போவதில்லை. என்ன நோய் என்று இன்னும் தேடுகிறார்கள். ராஜ்கமலிடம் நானே பேசிவிட்டேன். கெட்ட வார்த்தையில் திட்டினான், பிறகு அழுதான். அவனும் போய் உண்மையை எழுதிக் கொடுக்கிறானாம். அவனுக்கு என்ன ஆகுமோ, அது என் தலையில்தான். உன்மேல் எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. போகும்போது வந்து சொல்கிறேன்.

போனை வைக்கும் முன் டாக்டரிடம் இன்னொன்றும் சொன்னேன்.

"சார், எங்க அக்காவுக்கு மனசு சரியா இருக்கு. அத எழுதிக்குங்க."

"சரி, எழுதிக்கிறேன்" என்றார்.

"இப்பவே எழுதுங்க சார். எழுதிட்டுப் படிச்சுக் காட்டுங்க" என்றேன். அவர் எழுதி முடிக்கும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். படித்துக் காட்டினார்.

உன் தம்பி,
பிரகாஷ்